பாசி கணக்கெடுக்கச் சதுரச் சட்டம் காணுமா? | சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, கம்பஸ் புரொஜெக்ட்டுக்கு லபுகம-களட்டுவாவ காட்டில பாசியும் (மொஸ், குளத்துப் பாசியில்லை) ஈரலுருத் தாவரங்களும் (லிவர்வேர்ட், பாசிக்குச் சொந்தமான சின்னத் தாவரம்) கணக்கெடுக்கப் போறம். ஒரு மீற்றர் சதுரச் சட்டம் தரையில போட்டு, அதுக்குள்ள இருக்கிறதை எண்ணினாக் காணுமா? சாம்பிள் எவ்வளவு எடுக்கலாம்?"

தம்பி, சட்டம் புல்லுக்குச் சரி. மழைக்காட்டுத் தரையில சருகுதானே மூடிக் கிடக்குது, பத்துச் சட்டம் போட்டாலும் பெரிசா ஒண்டும் அம்பிடாது. பாசி இருக்கிறது உக்கின கட்டையில, ஓடைக் கல்லில, மரத்தடியில, மண் சரிஞ்ச கரையில. சில ஈரலுருக்கள் பச்சை இலைக்கு மேலயே ஒட்டிக் கிடக்கும், ஊத்தை எண்டு நினைச்சு விட்டிடுவியள். அதால இடத்தை வகை வகையாப் பிரிச்சு, ஒவ்வொண்டிலயும் ஒரே அளவு நேரம் தேடுங்கோ. சட்டம் வேணுமெண்டா மரத்தில போடுங்கோ, 10 சென்ரிமீற்றர் காணும். அடியில ஒண்டு, நெஞ்சளவு உயரத்தில ஒண்டு.

10 மடங்கு கைவில்லையால பாருங்கோ. இலை நடுவில நரம்பு ஓடினா பெரும்பாலும் பாசி. இலை ரெண்டு வரிசையாத் தட்டையா இருந்து, அடிப்பக்கம் குட்டியா மூண்டாவது வரிசையும் தெரிஞ்சா ஈரலுரு. பிசிடென்ஸ் எண்டு ஒரு பாசி, அதுவும் ரெண்டு வரிசைதான். நானே ஏமாந்தனான். ஆனா நரம்பு இருக்கும்.

சாம்பிள் நகமளவு போதும், முழுத்திட்டையும் உரிக்காதேங்கோ. கடதாசி என்வலப்பில போடுங்கோ. நான் ஒருக்கா ஷொப்பிங் பேக்கில கட்டிக்கொண்டு வந்து எல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. பாசி காய்ஞ்சாலும் தண்ணி பட விரியும். ஈரலுருவுக்கு அது மட்டும் காணாது, கலத்துக்குள்ள இருக்கிற எண்ணெய்த் துணிக்கைகள் காயக் காய அழிஞ்சுபோகும். இனம் பிரிக்க அதுதான் வேணும். அதால ஈரம் காயமுதல் நுணுக்குக்காட்டியில வச்சுப் படமெடுங்கோ.

அந்த நகமளவுக்கும் அனுமதி வேணும். ஒதுக்குக் காடெண்டா வனப் பாதுகாப்புத் திணைக்களம், பெல்லன்வில-அத்திடிய மாதிரிச் சரணாலயமெண்டா வனசீவராசிகள் திணைக்களம். ரெண்டுக்கும் தலைமையகம் பத்தரமுல்லையில. லபுகம கொழும்புக்குக் குடிதண்ணி தாற நீரேந்துப் பகுதி, அங்க கூடுதலாக் கேள்வி கேப்பினம். கம்பஸ் கடிதத்தோட நேரத்துக்கே போடுங்கோ.

கடிதம் வருமட்டும் சும்மா இருக்காதேங்கோ. பக்கத்துத் தென்னையில வெளிறின பச்சையாக் குஞ்சம் குஞ்சமா நிண்டா, அது ஒக்டோபிளெபாரம் எண்ட பாசியா எண்டு பாருங்கோ. வெயிலில சுருண்டு கறுத்துக் கிடக்கிற மதில் பாசிக்கு ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டிட்டு, வில்லையை எடுக்காமப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ, இலை ஒவ்வொண்டா விரியும்.