பள்ளிக்கூடத்துல குப்பையை எரிக்காம மறுசுழற்சிக்குக் கொடுக்க எப்படிச் சம்மதிக்க வைக்கறது?

அடுத்த கேள்வி பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. "எங்க பையன் படிக்கிற அரசுப் பள்ளியில தினமும் சாயங்காலம் குப்பையைப் பின்னாடி கொட்டிக் கொளுத்தறாங்க. தரம் பிரிச்சுக் கொடுக்கலாமேன்னு ஹெச்.எம். கிட்ட கேட்டா, 'அதுக்கெல்லாம் ஆள் இல்லம்மா'ன்னுட்டாரு. என்ன பண்றது?"

அம்மா, அவர் சொல்றது உண்மைதாங்க. நிறைய பள்ளியில கூட்டறதுக்கே ஆள் பத்தாது. ஆனா வெளிய சொல்லாத பயம் ஒண்ணும் இருக்கும். பசங்க குப்பைக்கூடை தூக்கற மாதிரி ஒரு போட்டோ வாட்ஸ்அப்ல வந்துட்டா, பதில் சொல்ல வேண்டியது அவர்தான். அது நியாயமான பயம். பிள்ளைங்களைக் குப்பை பொறுக்க விடவே கூடாது. அதனால நீங்க பேச்சை ஆரம்பிக்கறப்பவே சொல்லிடுங்க: "சார், பசங்க அவங்கவங்க கிழிச்ச பேப்பரை வகுப்புல இருக்கற பெட்டியில போடுவாங்க, அவ்வளவுதான். கட்டறது, எடை போடறது, அனுப்பறது எல்லாம் பெத்தவங்க நாங்க பாத்துக்கறோம்."

எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்காதீங்க. பேப்பரும் அட்டையும் மட்டும் கேளுங்க. நாறாது, ஒரு மாசம் சேத்து வைக்கலாம், காசு கொடுத்து எடுத்துக்குவாங்க. ஹெச்.எம்.மைப் பாக்கறதுக்கு முன்னாடி பழைய பேப்பர் கடைக்காரரைப் பாருங்க. பள்ளிக்கே வண்டி வருமா, எத்தனை கிலோ சேர்ந்தா வருவாரு, நோட்டுக்கும் அட்டைக்கும் தனித்தனி விலையான்னு கேட்டு வச்சுக்கங்க. நனைஞ்சதை எடுக்க மாட்டாங்க, ஐப்பசி கார்த்திகையில மூட்டை வராண்டாவுல கிடக்கக் கூடாது. விடைத்தாள், பதிவேடு பக்கம் போகவே வேண்டாம், அதெல்லாம் ஆபீஸ் முடிவு.

வர்ற பணம் கொஞ்சம்தான். ஆனா பேச்சு கிளம்பறது அதுலதான். அதுக்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்க, மொத்தத்துல பாதி பெண்கள். அது உங்க இடம்மா! அங்க தீர்மானம் போட்டு, பணம் குழுவோட கணக்குக்குப் போகும்னு எழுதிடுங்க. ஹெச்.எம். மாறுதலாகிப் போனாலும் தீர்மானம் நிக்கும்.

பேப்பர் ஓட ஆரம்பிச்ச பிறகு சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோலு, முட்டை ஓடு. ஓரமா ஒரு குழி, மேல காஞ்ச இலை போதும், எருவாயிடும். சிப்ஸ் கவரை மட்டும் கடைக்காரர் தொடமாட்டாரு, பல அடுக்கா ஒட்டினது அது. அதைச் சாக்குல சேத்து ஊராட்சித் தூய்மைக் காவலர்கிட்ட கொடுக்கறதுதான் இப்போதைக்கு வழி. முழுசாத் தீர்ந்துடும்னு நான் சொல்லமாட்டேன், ஆனா எரிக்கறதை விட ஆயிரம் மடங்கு மேல். பி.வி.சி.ங்கற பிளாஸ்டிக் கலந்து எரிஞ்சா டையாக்சின்ங்கற நச்சு வரும், அந்தப் புகையைப் பிள்ளைங்கதானே சுவாசிக்குது.

சட்டத்தைச் சொல்லலாமான்னா, சொல்லலாம். திறந்த வெளியில குப்பை எரிக்கக் கூடாதுன்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர்லயே உத்தரவு போட்டிருக்கு, 5,000 ரூபாய் அபராதத்தோட. ஆனா முதல் நாளே அதை எடுக்காதீங்க. எடுத்தா மனுஷன் ஒதுங்கிடுவாரு, அப்புறம் அவரைப் பக்கத்துல கொண்டு வர்றது கஷ்டம். சுற்றுச்சூழல் மன்றத்தைப் பாத்துக்கற டீச்சர் யாருன்னு விசாரிச்சு அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க. குழுக் கூட்டத்துக்கு முந்தின நாளே கடைக்காரர் நம்பரை ஹெச்.எம். கிட்ட கொடுத்துடுங்க.