கூடாரத்தில் பதிந்த கிட்டார்

நேயர்களுக்கு வணக்கம்.

இசை வணிகர்கள் ‘பாலைவன ராக்’ என்று பெயரிட்டு விற்கும் இசைக்கு, அதைப் பாடும், சகாராவின் நாடோடி இனத்தவரான துவாரெக் மக்களிடம் வேறு பெயர் உண்டு. அவர்கள் அதை ‘அசூஃப்’ என்கிறார்கள்; ஏக்கமும் தனிமையும் மண்ணைப் பிரிந்த துயரமும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும்.

இவ்விசையின் முன்னோடிக் குழுவான தினாரிவென்னைத் தொடங்கிய இப்ராஹிம் அக் அல்ஹபீப் வடக்கு மாலியில் பிறந்தவர். 1963ஆம் ஆண்டு துவாரெக் எழுச்சியை மாலி இராணுவம் ஒடுக்கியபோது தந்தை கொல்லப்பட்டதை நான்கு வயதில் கண்ட அவர், பின்னர் அகதி வாழ்வில், ஒரு தகர டப்பாவில் குச்சியைச் செருகி, மிதிவண்டியின் பிரேக் கம்பியைப் பூட்டித் தம் முதல் கிட்டாரைத் தாமே செய்துகொண்டார். 1979 வாக்கில் அல்ஜீரியாவின் தமன்ராசெத்தில் குழு உருவானது. அப்போது இசைத்தட்டு நிறுவனம் ஏது? வெற்று கேசட் கொண்டுவந்தவருக்குப் பாடிப் பதிந்து கொடுத்தார்கள். அது கைமாறிக் கைமாறிச் சகாராவைக் கடந்தது.

அவர்களுடைய முதல் ஆல்பம் வடக்கு மாலியின் கிதால் நகரிலுள்ள திஸ்தாஸ் வானொலி நிலையத்தில் பதிவாகி 2001இல் வெளிவந்தது என்பதை, ஒலிவாங்கியின் முன் அமர்ந்து சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. கூடாரங்களில் பதிந்த ‘தஸ்ஸிலி’ ஆல்பம் 2012இல் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டில் வடக்கு மாலியைக் கைப்பற்றிய ஆயுதக் குழுக்கள் இசையையே தடை செய்ததால், அடுத்த ஆல்பத்துக்காக இவர்கள் கலிஃபோர்னியாவின் பாலைநிலம்வரை செல்ல நேர்ந்தது.

2023இல் வெளிவந்த ‘அமாத்சூ’ ஆல்பத்தின் கதை இதற்கு நேர் எதிரானது. கனடியத் தயாரிப்பாளர் டேனியல் லனுவாவுடன் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பதிவதாக இருந்த திட்டம் கொள்ளைநோய்க் காலத்தில் கலைந்தது. அல்ஜீரியாவின் ஜானெத் அருகே கூடாரத்தில் இவர்கள் பாடிப் பதிய, லனுவா லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்தும், நாஷ்வில் கலைஞர்கள் தம் ஊரிலிருந்தும் பெடல் ஸ்டீல் கிட்டார், பிடில், பான்ஜோ ஆகிய கம்பிக் கருவிகளின் ஒலிகளைச் சேர்த்தனர்.

அமெரிக்க நாட்டுப்புறக் கருவிகள் துவாரெக் கிட்டாரை அமுக்கிவிடுமோ என்ற ஐயத்தோடுதான் நான் கேட்கத் தொடங்கினேன். அவ்வாறு நிகழவில்லை. தம்பூராவின் சுருதியைப் போல அடிக்கம்பி ஒன்று விடாமல் ஒலிக்க, அதன்மேல் கிட்டார் நெளிகிறது. பிடில் எட்டத்தில் நின்று இழைகிறது. ஆயினும் ‘தஸ்ஸிலி’யின் வெறுமையே எனக்கு இன்னும் நெருக்கமானது.

இவ்வுரையைத் தொடர்ந்து ‘அமாத்சூ’விலிருந்து ஒரு பாடல் ஒலிபரப்பாகும். கிட்டாருக்குப் பின்னே கேட்கும் கைதட்டலை முதலில் கவனியுங்கள். நன்றி.