போலி என்று ஒதுக்கிய 1,100 வயது வெள்ளி நகை! காப்பாற்றியது அந்தக் கறுப்பு!

[திரையில்: வட்ட ப்ரோச், நெருக்கத்தில்]

சால்வையில் குத்திக்கொள்ளும் வெள்ளி ப்ரோச் இது, பெயர் ஃபுல்லர் ப்ரோச். குறுக்களவு 11.4 செ.மீ. இங்கிலாந்தில், 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது. இத்தனை பளிச்சென்று இருப்பதே இதற்கு வினையாகிவிட்டது. இவ்வளவு பழைய சாமான் இப்படியா இருக்கும், டூப்ளிகேட்தான் என்று நிபுணர்கள் ஒதுக்கிவிட்டார்கள். கேப்டன் ஃபுல்லர் என்பவர் வெறும் வெள்ளி விலைக்கு வாங்கிக்கொண்டார்.

அந்தக் கதை இருக்கட்டும், முதலில் மிருகங்கள். நான் வீடியோ போடுவதே அதற்குத்தான்.

பின்னணி சுருக்கமாக: இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்சன் மக்கள் ஆண்ட காலம், வடக்கிலிருந்து கடல் வழியாக வந்த வைக்கிங்குகளின் படையெடுப்பு, பயந்து புதைத்த வெள்ளி. 1774இல் கார்ன்வாலின் ட்ரூஹிடிலில் வெள்ளீயம் தேடியவர்களிடம் அப்படி ஒரு புதையல் சிக்கியது. வெள்ளியில் இப்படி மிருகங்களைச் செதுக்கும் பாணிக்கே அந்த ஊரின் பெயர். போதும்.

[திரையில்: கட்டங்களுக்குள் மிருகங்கள்]

இந்தப் பாணியில் நகையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். கட்டத்துக்கு ஒரு மிருகம். முக்கோணக் கட்டமா, அதற்கேற்ப உடம்பை முறுக்கிக்கொள்ளும். கழுத்தைத் திருப்பித் தன் வாலையே கடிக்கும். சிலதுக்கு வால் கொடியாகி இலையே விட்டுவிடும்! நாயா சிங்கமா என்று கேட்காதீர்கள், செய்த தட்டானே அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஸ்ட்ரிக்லண்ட் ப்ரோச் என்று இன்னொன்று உண்டு. அதில் நாய் மாதிரித் தலைகளுக்கு நீலக் கண்ணாடியில் கண் வைத்திருக்கிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான். உங்கள் ஓட்டு எதற்கு, கமெண்டில் போடுங்கள்.

ஃபுல்லர் ப்ரோச்சில் மிருகம், பறவை, மனிதன், செடி எல்லாம் ஓரத்து 16 வட்டங்களுக்குப் போய்விட்டன. நடுவில் ஐம்புலன்கள், புலனுக்கு ஒரு மனித உருவமாக, இடம்பிடித்திருக்கின்றன. சுவை யாரென்று கண்டுபிடிப்பது சுலபம், வாயில் கை வைத்திருப்பவர்.

சரி, இந்த உருவங்களெல்லாம் இப்படி எடுப்பாகத் தெரிவது எப்படி? பின்னால் இருக்கும் கறுப்பால். அதன் பெயர் நியெல்லோ. வெள்ளியையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் வருவது, அதாவது வெள்ளி சல்ஃபைடு. உங்கள் வீட்டுக் கொலுசு கறுத்துப்போகிறதே, அதே சமாச்சாரம்தான்! நாம் தேய்த்துத் தேய்த்துப் போக்குவதை அவர்கள் வேண்டுமென்றே செய்து, செதுக்கிய பள்ளங்களில் சூட்டோடு அழுத்தி நிரப்பி, மேலே மெருகு போட்டார்கள்.

இங்கேதான் ட்விஸ்ட். பிற்காலத்தில் சுலபமாக உருக வேண்டும் என்று செம்பு, அப்புறம் ஈயமும் கலக்க ஆரம்பித்தார்கள். போலி செய்பவன் இந்தக் கலவையைத்தானே எடுத்திருப்பான்? ஃபுல்லர் ப்ரோச்சைச் சோதித்தால், கலப்பே இல்லாத பழைய நியெல்லோ. நகை அசல்!

1952இல் ஃபுல்லர் அதைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். ஒரே நிபந்தனை, தன் பெயரை வைக்க வேண்டும். வைத்துவிட்டார்கள். நானாக இருந்தால், ஒதுக்கியவர்கள் பெயரையும் பக்கத்தில் எழுதி மாட்டச் சொல்லியிருப்பேன்.