மருந்துக்குக் கேட்காத கிருமி
(பாலக்கோடு விவசாயிகள் கூட்டத்தில் ஒரு கால்நடை மருத்துவர் பேசியது)

தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

1928-இல் பெனிசிலினைக் கண்ட ஃபிளெமிங்கை எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு லண்டனில் ஃபிரெடெரிக் கிரிஃபித் என்பவரும் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார். அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

நிமோனியாக் கிருமியில் ஒரு வகைக்கு வழவழப்பான உறை உண்டு. அதை ஊசியில் ஏற்றினால் எலி செத்துவிடும். உறை இல்லாத வகை எலியை ஒன்றும் செய்யாது. கிரிஃபித் உறையுள்ள கிருமியைச் சூடாக்கிக் கொன்றார். அந்தச் செத்த கிருமியோடு உயிருள்ள சாதுக் கிருமியைச் சேர்த்து எலிக்குச் செலுத்தினார். எலி செத்தது. ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், உறை போர்த்திய கிருமி உயிரோடு இருக்கிறது! செத்ததன் கொல்லும் குணத்தைச் சாது வாங்கிக்கொண்டது. கைமாறிய பொருள், குணங்களைச் சுமக்கும் டி.என்.ஏ. என்று 1944-இல் ஏவரி என்ற விஞ்ஞானியின் குழுவினர் காட்டினார்கள்.

மருந்துக்குக் கேட்காத குணமும் கைமாறுகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டால் கேழ்வரகு விதை கொடுப்போமே, அப்படி ஒரு கிருமி இன்னொன்றுக்கு பிளாஸ்மிட் என்கிற சிறு டி.என்.ஏ. வளையத்தைக் கொடுக்கிறது. வேறு இனக் கிருமிக்கும் கொடுக்கும். மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் போடும் கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணு ஒன்று பிளாஸ்மிட்டில் இருப்பதை 2015-இல் சீனாவில் கண்டார்கள். பன்றியிலும் இருந்தது, இறைச்சியிலும் இருந்தது, நோயாளிகளிடமும் இருந்தது. 2019-இல் இந்திய அரசு கால்நடைக்கும் கோழிக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. சரியான முடிவு.

இதைவிடக் கவலை தருவது சீனாவின் ஹாங்சோ நகர மருத்துவமனையில் 2016-இல் நடந்தது. கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா தாக்கித் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து பேர் இறந்தார்கள். ஏற்கெனவே மருந்துக்குக் கேட்காத அந்தக் கிருமி, கொடிய நோய் தரும் பிளாஸ்மிட்டையும் வாங்கியிருந்தது. முன்பெல்லாம் இந்த இரண்டு குணமும் பெரும்பாலும் வெவ்வேறு கிருமிகளில்தான் இருந்தன.

சரி, பாலக்கோட்டுக்கு இதில் என்ன பங்கு? தக்காளியில் பாக்டீரியா நோய்க்கு அடிக்கும் பொடியில் ஸ்ட்ரெப்டோமைசின் இருக்கிறது. 1943-இல் கண்டறிந்த அது, காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆண்டிபயாடிக். அதைச் செடிக்கு அடித்தால் தோட்டத்துக் கிருமிகளும் அதற்குப் பழகி, அந்தக் குணத்தைக் கைமாற்றக்கூடும். அதனால் அதை நாம் நிறுத்தியாக வேண்டும். சளிக்கு மருந்துக்கடையில் ‘ஒரு செட்டு மாத்திரை கொடுங்க’ என்று கேட்பதும் அப்படித்தான். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆண்டிபயாடிக் அதைத் தொடாது, குடலில் உள்ள கிருமிகளைத்தான் மருந்துக்குப் பழக்கிவிடும்.

அப்புறம் மடிநோய். காம்பில் மருந்து ஏற்றிய மாட்டின் பாலில் புரை ஊற்றினால் தயிர் சரியாக உறையாமல் போகலாம். பாலில் தங்கிய மருந்து, பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவையே தடுக்கிறது. எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று கால்நடை டாக்டரிடம் கேளுங்கள். அதைக் கன்றுக்கும் ஊட்டாதீர்கள். கன்றின் குடலிலும் இதே பழக்கம்தான் நடக்கும்.

மடிநோய் வராமலே பார்க்கலாம். கறந்ததும் காம்புகளைக் கிருமிநாசினியில் முக்குங்கள். கையோடு தீவனம் வையுங்கள். மாடு அரை மணி நேரமாவது நின்று தின்னும். அதற்குள் காம்புத் துளை மூட ஆரம்பித்துவிடும். உடனே படுத்தால், திறந்த துளை வழியே தரையிலுள்ள கிருமி ஏறிவிடும்.