இறக்கத்தில் பெடல் பஞ்சு போல அமுங்குதா? பழைய பிக்கப்பின் பிரேக்கைப் பிரிக்கிறோம்

வணக்கம் மக்களே. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் கேத்தியில், வீட்டு வாசலில்தான் இருக்கிறேன். பின்னால் நம்ம பழைய பிக்கப் நிற்கிறது. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, இடது சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

போன வாரம் கேரட் லோடோடு மேட்டுப்பாளையம் இறங்கினேன். குன்னூர், காட்டேரி தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் மிதிக்கிறேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. மூன்று முறை அடித்து மிதித்த பிறகுதான் பிடித்தது. செகண்ட் கியரில் இருந்ததால் தப்பித்தேன். ஓரம்கட்டி, டயருக்குக் கல் வைத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டேன். அப்புறம் மிதித்தால் பெடல் கெட்டியாக நிற்கிறது! சரியாகிவிட்டது என்று நினைத்து நிறைய பேர் கிளம்புவது இந்த இடத்தில்தான். தயவுசெய்து கிளம்பாதீர்கள். அடுத்த இறக்கத்தில் அதே கதைதான்.

இதே குறைக்கு முன்பு ஒரு பட்டறையில் மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை லைனில் தள்ளும் பாகத்தை, மாற்றினார்கள். காசு போனது, குறை போகவில்லை. அதனால்தான் சொல்கிறேன், சாமான் வாங்கும் முன் பெடலைக் கேளுங்கள். மிதித்துப் பிடித்தபடி இருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்கும் ஒழுக்கும் இல்லை என்றால், அப்போது மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படலாம். சூடாகாமலே எப்போதும் பஞ்சாக இருந்தால் லைனில் காற்று இருக்கிறது. முதல் மிதி தாழ்ந்து, இரண்டாவது மிதியில் மேலே வந்தால் பின் டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனர் தேய்ந்திருக்கும், அல்லது அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கும்.

சூடான பிறகு வருவது இரண்டு வகை. பெடல் கல் போல இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் முன் டிஸ்க்கைப் பிடிக்கும் பேடும் பின் லைனரும் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டன. பெடலே அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவியாகிவிட்டது. எனக்கு நடந்தது இரண்டாவது.

மிதியை லேசாக்கும் பூஸ்டரையும் பார்த்துவிட்டேன். இன்ஜினை நிறுத்தி நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கியது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். பூஸ்டர் அந்த அழுத்தத்தை நம்பித்தான் நம் காலுக்கு உதவுகிறது. ஆகவே மேலே மிதி கொஞ்சம் கனமாகத் தெரிந்தால் உடனே பூஸ்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

சரி, கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். இதுதான் வீல் சிலிண்டர், ஆயில் அழுத்தத்தில் லைனரை டிரம்மோடு தள்ளுவது இதுதான். ஓரத்தில் இருக்கும் இந்த ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் லேசாகத் தூக்குகிறேன்... பாருங்கள், ஆயில் சொட்டுகிறது. கீழே லைனர் ஊறிக் கறுத்து, பளபளவென்று இருக்கிறது. இந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை. அதன் வேலையையும் முன் டிஸ்க் சேர்த்துத் தாங்கியது, அது காய்ந்து, பேடை அழுத்தும் கேலிப்பரில் இருந்த ஆயிலைக் கொதிக்க வைத்தது.

ஆயிலும் பழசு. டப்பாவில் பாருங்கள், டீ டிகாக்ஷன் நிறம். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் ஊர் மிஸ்ட்டைச் சொல்லவே வேண்டாம். டாட் 3, டாட் 4 என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறியதும் அந்த அளவு 140க்கு வந்துவிடும். டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. நான் இன்று டாட் 4 ஊற்றுகிறேன், இனி வருடம் ஒருமுறை மாற்றுவேன்.

பின்னால் இரண்டு பக்கமும் புது வீல் சிலிண்டர், புது லைனர். ஊறிய லைனரைத் தேய்த்தோ சுட்டோ திரும்பப் போடாதீர்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். டிரம்மை பிரேக் கிளீனரால் துடைத்தேன். சிலிண்டரை டீசலில் கழுவும் பழக்கம் சில இடங்களில் உண்டு. டீசல் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிவிடும். பழைய லைனர் தூசியையும் காற்றடித்துப் பறக்கவிடாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

இப்போது ஏர் எடுக்கிறோம், அதாவது லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறோம். தம்பி உள்ளே உட்கார்ந்திருக்கிறான். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் சக்கரம் முதலில். "அடி... அடி... பிடி!" "பிடிச்சிட்டேன்ணா." காற்று வெளியேறும் இந்த நிப்பிளைத் திறக்கிறேன், குமிழி வருகிறது பாருங்கள். மூடிய பிறகுதான் அவன் காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும்வரை இப்படியே. டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது.

சரி மக்களே, இது அடுத்த நாள். முதலில் காலி வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்த்தேன், அப்புறம்தான் லோடு. இப்போது கல்லாறில் நிற்கிறேன். இறக்கம் முழுக்க செகண்ட் கியர்தான், பெடல் ஒரே உயரத்தில் நின்றது. சக்கரத்துக்குப் பக்கத்தில் கை நீட்டிப் பார்க்கிறேன், தொடவில்லை. போன வாரம் முன்னால் தகித்தது, இடது பின்பக்கம் ஜில்லென்று கிடந்தது. இன்று பின்னால் இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடு. மண்டிக்கு நேரமாகிவிட்டது, மூட்டையை இறக்கப் போகிறேன்.