சேர்ந்து நகர்கிறதா, பாருங்கள்

வணக்கம் நேயர்களே. தெற்குச் சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்தை நம் தென்னாப்பிரிக்காவில் தெரியாதவர் கிடையாது. அதைக் காட்டித் தரும் இரண்டு பளிச்சென்ற நட்சத்திரங்களில் ஒன்று ஆல்ஃபா சென்டாரி. அதற்குக் கண்ணுக்குத் தெரியாத துணை நட்சத்திரம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? ஜொகானஸ்பர்கில், 1915இல். ராபர்ட் இன்னஸ் என்பவர் கண்டுபிடித்தார். இது எனக்குப் பிடித்த கதை. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னஸ் வானியல் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. சிட்னியில் ஒயின் வியாபாரம் பார்த்தவர். ஆர்வத்தால் கேப் டவுன் வானாய்வகத்தில் வேலைக்கு வந்து, பிறகு ஜொகானஸ்பர்க் வானாய்வகத்துக்கே தலைவரானார். அவர் கையில் ஒரு கருவி இருந்தது. ஒரே வானத்தை ஐந்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு கண்ணாடிப் புகைப்படத் தகடுகளை அதில் பொருத்துவார்கள். ஒரே துளை வழியாகக் கண்ணை வைத்தால் முதல் படம், இரண்டாம் படம், மறுபடி முதல் படம் என்று மாறி மாறி வரும். ஆயிரக்கணக்கான புள்ளிகளும் அப்படியே நிற்கும். ஒன்று மட்டும் குதிக்கும்! அந்தக் குதிக்கிற புள்ளிதான் நான் சொன்ன துணை. அதன் பெயர் பிராக்சிமா.

குதித்தால் மட்டும் துணை ஆகிவிடுமா? ஆகாது. தைப்பூசக் காவடிக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்களெல்லாம் ஒரே குடும்பமா? நடக்க ஆரம்பித்த பிறகும் சேர்ந்தே போகிறார்களா என்று பார்த்தால்தான் தெரியும். பிராக்சிமா, ஆல்ஃபா சென்டாரி போகிற திசையிலேயே, ஏறக்குறைய அதே வேகத்தில் போனது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பழுப்புக் குறுமீன்கள் என்ற மங்கிய விண்பொருள்கள் பலவற்றைக் கண்டுபிடித்ததும் இதே வழியில்தான். நட்சத்திரமாகத் தொடங்கி, எடை போதாமல் நின்றுபோனவை அவை. சூரியனின் எடையில் நூற்றில் ஏழெட்டுப் பங்காவது இல்லாவிட்டால் ஹைட்ரஜன் தொடர்ந்து எரியாது. உள்ளே இருக்கும் சூட்டை விட்டுவிட்டு ஆறிக்கொண்டே போகும். அப்படிப்பட்டவை இருக்க வேண்டும் என்று 1960களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் இந்தியாவில் பிறந்த சிவ் குமார். நம்மவர் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம், சொல்லுங்கள்.

சரி, 2003க்கு வருவோம். எப்சிலான் இண்டி என்று ஒரு நட்சத்திரம், சுமார் 12 ஒளியாண்டு தூரத்தில். ஆஸ்திரேலியாவிலிருந்து எடுத்த பழைய தகடுகளைக் கணினியில் ஏற்றி ஒப்பிட்டவர்கள், அதற்கு அருகே ஒரு மங்கிய புள்ளி வேகமாக நகர்வதைக் கண்டார்கள். அருகே என்றாலும், நம் கண்ணுக்கு முழு நிலாவின் அகலத்தில் கால்வாசி இடைவெளி. உண்மையில் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய 1,500 மடங்கு. அவ்வளவு தள்ளி இருந்தும் அதே திசை, அதே வேகம். சேர்ந்து நகர்கிறது! பிறகு பெரிய தொலைநோக்கிகளில் பார்த்தால் அதுவும் ஒன்றல்ல, இரண்டு பழுப்புக் குறுமீன்கள்.

இந்த வேலைக்குக் கண்ணாடித் தகடு இப்போது தேவையில்லை. 'பேக்யார்ட் வேர்ல்ட்ஸ்' என்று 2017இல் தொடங்கிய இணையத் திட்டம் இருக்கிறது. வைஸ் விண்கலம் அகச்சிவப்பில் எடுத்த படங்கள் திரையில் மாறி மாறி ஓடும். குதிப்பதைக் கண்டால் குறித்து அனுப்பலாம். எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: பெரும்பாலும் ஏமாற்றம்தான். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒட்டிக்கொண்டு ஒரு பொட்டு தெரியும். அது பெரும்பாலும் கொஞ்சம் மட்டும் நகர்ந்த சாதாரண நட்சத்திரம். பிரகாசமான நட்சத்திரத்தின் பக்கத்தில் வட்டமாக ஒரு நிழலாட்டம் வரும். அது கருவிக்குள் சிதறிய ஒளி. ஆனாலும் சாதாரண ஆட்கள் இப்படிப் பார்த்தே பல பழுப்புக் குறுமீன்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மின்சாரம் போய் ஊரே இருண்ட இரவுகளில் மாடியில் நின்று வானம் பார்த்தவர்கள்தானே நாமெல்லாம்? இதையும் பார்க்கலாம்.

நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டிவிட்டார்கள். கிலீஸ் 229 என்ற நட்சத்திரத்தின் பழுப்புக் குறுமீன் துணையைப் பற்றித் தனியாகவே பேச நினைத்தேன். 1995இல் உலகுக்கு அறிவித்த அந்தத் துணையில் மீத்தேன் இருந்ததால்தான் அது நட்சத்திரமல்ல என்று உறுதியானது. 2024இல் அதுவும் இரண்டு என்று தெரிந்தது; பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அப்புறம், எப்சிலான் இண்டியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: அக்டோபரில் இரவு ஒன்பது மணிக்கு, நகர வெளிச்சம் இல்லாத இடத்தில், தெற்கே உயரத்தில் அல்நைர் என்ற பிரகாசமான நட்சத்திரத்தைக் கண்டுபிடியுங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் வரும் அளவு அதற்குக் கீழே பாருங்கள். நன்றி, வணக்கம்.