கோணேசர் மலையிலிருந்து ஒரு மூச்சு

நேயர்களுக்கு வணக்கம். விடுமுறையில் திமிங்கிலம் பார்க்கப் போன கதையைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். நான் கடலாய்வாளன் அல்லன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். எண்ணுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

இலங்கையில் திமிங்கிலம் என்றால் பலரும் தெற்கே மிரிஸ்ஸவுக்குத்தான் போகிறார்கள். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. பிறகு சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிடும். கிழக்கே திருகோணமலையில் மார்ச் தொடங்கி ஆகஸ்ட் வரை நல்ல காலம். பேரனுக்கு ஏப்ரலில் விடுமுறை. மனைவிக்குக் கோணேசரைக் கும்பிட வேண்டும். எனவே திருகோணமலை.

காலை ஆறு மணிக்கு உப்புவெளிக் கரையில் படகேறினோம். முதலில் வந்தவை ஓங்கில்கள். டால்பின் என்று பேரன் கத்தினான். ஓங்கில் என்று படகோட்டி திருத்தினார். நீரிலிருந்து துள்ளி, விழுவதற்குள் பம்பரம்போல உடம்பைச் சுழற்றும் இனம். ஒன்று நான்கு சுற்றுச் சுற்றியது. ஐந்து என்றான் பேரன். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

திமிங்கிலம் கிடைத்ததும்தான் வினையும் தொடங்கியது. தொலைவில் வெண்ணிறமாக ஒரு நீராவித் தூண் எழுந்தது. அடுத்த நொடி சுற்றியிருந்த ஏழு படகுகளும் அதை நோக்கிப் பாய்ந்தன. மண்ணெண்ணெய்ப் புகை, இரைச்சல், எழுந்து நிற்பவர்களைப் பார்த்து உட்காரச் சொல்லும் கூச்சல். நான் கண்டது சாம்பல் நீல முதுகில் ஒரு துண்டு. இதற்கெல்லாம் 2012 முதல் விதிமுறைகள் இருக்கின்றன. எங்கள் படகோட்டி மட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “துரத்தினால் அது தாழ்ந்துவிடும், ஐயா. பேசாமல் இருந்தால் தானாக வரும்” என்றார். அவர் சொன்னது சரிதான். மற்றப் படகுகள் கேட்கவில்லை. திமிங்கிலம் போய்விட்டது. மனைவி படகின் விளிம்பைப் பிடித்தபடி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள்.

நீலத் திமிங்கிலம் என்ற இவ்வளவு பெரிய உயிர் கரைக்கு இத்தனை அருகே ஏன் வருகிறது? திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலேயே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. கொட்டியாரக் குடாவில் மகாவலி ஆறு இரை பெருகுவதற்கான சத்தோடு வந்து கலக்கிறது. ஆழமும் இரையும் பக்கத்திலேயே இருக்கும்போது அது எதற்காகத் தொலைவுக்குப் போக வேண்டும்? உலகின் மற்ற நீலத் திமிங்கிலங்களில் பெரும்பாலானவை இரை தேடித் துருவக் குளிர்நீருக்குப் போகின்றன. இலங்கையைச் சுற்றி உலவுபவையோ வெப்பக் கடலிலேயே மேய்கின்றன. இதற்கான தடயத்தை 2003-இல் கண்டவர் ஆஷா டி வோஸ் என்ற இலங்கை ஆய்வாளர். என்ன தடயம் தெரியுமா? சாணம். கடலில் மிதந்த செந்நிறச் சாணம். தின்ற சிறு இறால்களின் நிறம் அது. காலை உணவு நேரத்தில் கேட்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

மறுநாள் மாலை கோயிலுக்குப் போனோம். கோயில் இருக்கும் சுவாமி மலையின் விளிம்பில், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்றோம். பாறை செங்குத்தாக இறங்க, கீழே கடல் கிடந்தது. கடலைப் பார்த்துக்கொண்டே நின்ற பேரன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “அம்மப்பா, மூச்சு!”

நேராக எழுந்த தூண். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு ஒன்பது மீட்டர் உயரம் வரை எழும்பும். எண்ணெய்த் திமிங்கிலம் என்ற வேறோர் இனத்தினது இடப்பக்கம் சாய்ந்து முன்னோக்கிப் போகும். இது சாயவில்லை. டிக்கெட் இல்லை, புகை இல்லை, வாந்தியும் இல்லை. நேற்றுப் படகில் தெரியாத முழு நீளமும் மேலிருந்து தெரிந்தது. நீருக்கடியில் வெளிறிய பச்சையாக ஒரு நிழல் முன்னே போக, அதன் பின்னே முதுகு எழுந்தது. விடுமுறைக்குச் செலவழித்த பணத்தில் பாதியை இந்த மலையில் மிச்சம் பிடித்திருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது.

பேரன் எண்ணத் தொடங்கினான். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே பதினைந்து, பதினாறு நொடி. ஆறாவது மூச்சுக்குப் பிறகு வால் மேலே வந்தது. பிறகு வெறும் கடல். எனக்குக் கைக்கடிகாரம் தேவைப்பட்டது. அது விடுதி அறையில் கிடந்தது. பூசை மணி அடித்தது. மனைவி கைகாட்டி அழைத்தாள்.

“நீங்கள் போங்கள், அம்மப்பா” என்றான். “நான் முந்நூறு வரை வந்துவிட்டேன்.”